புஷ்பராணி அக்காவுக்கு ஒரு கறுப்பு பியர்

செய்தி வந்தபோது நான் மருத்துவமனை ஆய்வுகூடத்தில் இரத்த மாதிரிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். வார்டில் வேலை செய்யும் பெண் ஓடி வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"புஷ்பாக்கா போன வேன் பெரண்டுருச்சு மிஸ். கந்தப்பளை ரோட்டுல. அக்கா போயிட்டாங்க."

அன்று காலை, இரவுப் பணி முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது, அக்கா எங்கள் ஆய்வுகூடக் கதவைத் தட்டி, "சனிக்கிழமைய மறந்துறாத புள்ள" என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். அந்தத் தட்டல் ஓசை என் காதில் இன்னும் ஓயவில்லை.

மரண வீட்டில் எனக்குப் பின்னால் இருவர் பேசிக்கொண்டார்கள். "குடிக்கிற பொம்பளதானே. வேற எப்புடி முடியும்?"

இதைப் படிக்கிறவர்களுக்காகத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வேனை ஓட்டியவர் அவர் அல்லர். பின் இருக்கையில் தூங்கிக்கொண்டு வந்தார். பனிமூட்டம், ஈரச் சாலை, ஒரு வளைவு. நடந்தது அவ்வளவுதான். பிறகு நினைவுக் கூட்டத்துக்காக ஒரு கட்டுரை கேட்டு வந்த சக ஊழியர், "அவங்க சேவையப் பத்தி எழுதுங்க மிஸ். அந்தக் கதையெல்லாம் வேணாம்" என்றார். சேவையைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கன்டீனில் தனியாக உட்கார்ந்து புத்தகம் படிப்பேன். யாரோடும் பேசமாட்டேன். ஒரு நாள் தாதியுடையில் ஒருவர் எதிரே வந்து அமர்ந்தார். என் புத்தகத்தின் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுல வர்றவங்க எல்லாம் பாருக்குப் போறாங்களா?"

"சில பேர் போறாங்க."

"நீ போயிருக்கியா? படிச்சா மட்டும் போதுமா புள்ள? சனிக்கிழமை வா."

நுவரெலியாவில், வெள்ளைக்காரர்கள் கட்டிய ஒரு பழைய பங்களாவில் அந்த பார் இருக்கிறது. மரப் பீப்பாயிலிருந்து கறுப்பு பியரைக் கையால் இழுத்து ஊற்றும் பித்தளைப் பிடி அங்கே இன்னும் வேலை செய்கிறது. நாங்கள் உள்ளே நுழைந்ததும் அங்கே வேலை செய்யும் சுனில் தடுமாறும் தமிழில், "மிஸ், பெமிலி பக்கம் போனா நல்லம்" என்று திரை தொங்கிய ஓர் அறையைக் காட்டினார்.

"பெமிலிய வீட்டுல விட்டுட்டு வரத்தானேப்பா பாருக்கே வர்றது" என்றார் அக்கா. போய்ப் பித்தளைப் பிடிக்கு நேர் எதிரே உயரமான நாற்காலியில் ஏறி அமர்ந்துகொண்டார். ஓரமாக இருந்த ஒருவர், பொம்பளைக்கு ஊற்றிக் கொடுக்கச் சட்டம் இல்லை என்று முணுமுணுத்தார். "அப்ப அந்தச் சட்டத்தக் கூப்புடுங்க. வந்து என் பக்கத்துல உக்காரட்டும்." சுனிலுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிடியை இழுத்தார்.

நான் அன்று தேசிக்காய் பிழிந்த தண்ணீர்தான் குடித்தேன். அக்கா கிளாஸைத் தொடாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன்.

"நுரை அடங்கட்டும். இதுக்கு எதுக்கு அவசரம்? நம்ம ஆளுங்க எல்லாம் அவசரமாக் குடிச்சுத்தான் கெட்டாங்க."

அந்த பாரையே ஏன் தேர்ந்தெடுத்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவருடைய தந்தை தோட்டத் துரைமார் கிளப் ஒன்றில் கிளாஸ் கழுவியவர். ஒரு வாய் குடிக்க அங்கே அவருக்கு அனுமதி இல்லை. தொழிலாளர் லயத்துக்கு வந்து, திருட்டுத்தனமாகக் காய்ச்சிய கசிப்பைக் குடித்தார். "கிளப்ப மூடுனப்ப அங்க இருந்த கிளாஸ எல்லாம் இங்கதான் வித்தாங்களாம். எங்கப்பா கழுவுன கிளாஸ்ல நான் குடிக்கிறேன். வேற ஒண்ணுமில்ல" என்பார்.

இரண்டு கிளாஸ் குடிப்பார். மூன்றாவதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. முதலாவது கறுப்பு பியர். இரண்டாவது அவரே கண்டுபிடித்த கலவை: சாராயம், இஞ்சி பியர், தேசிக்காய், அதன் மேல் ஆறிய சாயத்தண்ணீர், அதாவது பால் கலக்காத தேநீர். சாயத்தண்ணீரைப் போத்தலில் வீட்டிலிருந்தே கொண்டு வருவார். "எங்க ஆளுங்க பறிச்சது. எங்க ஆளு கலந்தா ருசிக்காதா?" சுனில் அதற்கு 'நர்ஸ் மிஸ்' என்று பெயர் வைத்தார். ஏப்ரல் சீசனில் வரும் கொழும்புக்காரர்களும் அதைக் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். நானும் ஒரு நாள் குடித்தேன். முதலில் இஞ்சி சுட்டது. கடைசியில் நாக்கில் தேயிலைதான் தங்கியது.

ஒரு முறை கந்தப்பளை கடைக்காரர் ஒருவர் அங்கே அவரைப் பார்த்துவிட்டு, "என்னா சிஸ்டர், ஊசி போட்ட களைப்பா?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ஆமாங்க, போன மாசம் உங்களுக்குப் போட்டதுதான். அன்னைக்கி நீங்க கத்துன கத்துல எனக்கு இன்னும் காது அடைப்பு போகல."

குடி எங்கள் தேயிலைத் தோட்டங்களைத் தின்றதை அறியாதவர் அல்லர் அவர். சம்பள நாளுக்கு மறுநாள் உடைந்த கையோடும் கிழிந்த உதட்டோடும் வரும் பெண்களுக்குக் கட்டுப் போட்டவர். அப்படி ஒரு நாள் முடிந்த பிறகு சொன்னார்: "குடிச்சிட்டு அடிக்கிறவன ஒருத்தரும் ஒண்ணும் கேக்குறதில்ல. குடிச்சிட்டுப் பேசாம வீட்டுக்குப் போறவள ஊரே நிறுத்திக் கேக்குது."

அவருடைய தந்தையின் நினைவு நாளில் படையலுக்கான கால் போத்தல் சாராயத்தை ஆண்டுதோறும் அக்காதான் வாங்கிக் கொடுப்பார். இறந்தவருக்குப் பிடித்ததை இலையில் வைப்பது எங்கள் வழக்கம். சென்ற முறை வாங்கிவிட்டு வரும்போது சிரித்தார். "நான் செத்தா எனக்கு என்னத்த வைப்பானுங்க தெரியுமா? சர்க்கரைப் பொங்கல். எனக்கு இனிப்பே புடிக்காதுன்னு தெரிஞ்சும் அதத்தான் வைப்பானுங்க, பாரு."

கருமாதிக்கு முதல் நாள் சுனிலிடம் போனேன். தனியாக அந்த பாருக்குள் நான் நுழைந்தது அதுவே முதல் தடவை. விசயத்தைச் சொன்னேன். ஒரு போத்தல் கறுப்பு பியரையும், அக்கா குடிக்கும் கைப்பிடி வைத்த கிளாஸையும் துணியில் சுற்றிக் கொடுத்தார். "கிளாஸ் திருப்பிக் கொண்டு வரணும் மிஸ்" என்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

படையலில் இரண்டு இலைகள் போட்டிருந்தார்கள். தந்தையின் படத்துக்கு முன்னால் கால் போத்தல் சாராயம். அக்காவின் படத்துக்கு முன்னால் சர்க்கரைப் பொங்கல். நான் துணியை அவிழ்த்ததும் அவருடைய தம்பி ரவி என் கையைத் தடுத்தார்.

"என்னாங்க இது? பந்தல்ல இத்தன பேரு இருக்காங்க."

"அப்பா இலையில இருக்கிறது அவங்க கண்ணுல படலையா?" நான் கூட்டத்தில் பேசிப் பழகாதவள். ஆனாலும் நகரவில்லை.

"அது ஆம்பளைக்கு. நாளைக்கி ஊரு எங்க அக்காவ என்னா சொல்லும்?"

"இன்னைக்கே சொல்லிட்டுத்தான் இருக்கு."

சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்த அக்காவின் அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"ரவி, அந்த இனிப்ப எடு. அத வையி."

ரவி குனிந்து பொங்கலை எடுத்துவிட்டு, போத்தலையும் கிளாஸையும் வாங்கி இலையில் வைத்தார்.

"தொறந்து வையிடா" என்றார் அம்மா. "மூடியோட வச்சா புள்ள எப்புடிக் குடிப்பா?"

ரவி கரண்டிக் காம்பால் மூடியை நெம்பினார். பாதி இலையில் சிந்தியது. மீதியைக் கிளாஸில் ஊற்றினார். நுரை விளிம்பைத் தாண்டி எழுந்து, கற்பூர வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பந்தலை விட்டு ஒருவரும் எழுந்து போகவில்லை. எல்லாரும் அந்தக் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நுரை அடங்கிவிட்டது, அக்கா. இனிக் குடியுங்கள்.