மீசை இல்லாத மாப்பிள்ளை

போன வாரம் எனக்கு அறுபதாம் கல்யாணம். ஐயர் வந்தாயிற்று, சொந்தபந்தம் வந்தாயிற்று. மணையில் உட்கார மாட்டேன் என்றுவிட்டாள் என் மனைவி தனம். காரணம்? என் மீசை. அதாவது... இல்லாத மீசை!

பழைய வாசகர்களுக்கு என் பெருமை தெரியும். புதியவர்களுக்காக இன்னொரு முறை. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டு ஓடிவிட்டது. இன்றைக்கு ஆரணியில் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறேன். திருவிழா வந்தால் கூத்தில் ராணி வேஷம் கட்டுகிறேன். வாரா வாரம் இந்தப் பக்கத்தில் உங்களை அறுக்கிறேன். மூன்றையும் எப்படி பேலன்ஸ் பண்றீங்க என்று கேட்காத ஆள் இல்லை. "திறமை, தம்பி!" என்பேன்.

கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி பெரணமல்லூர் பக்கம் கூத்து. ராணிக்கு மீசை இருக்குமா? மழித்தேன், ஆடினேன். அழாத சனம் இல்லை. காலையில் வீட்டுக்குள் நுழைந்தேன்.

"யோவ், இன்னாய்யா மூஞ்சி இது? ஊரே வந்துகினு கீது!"

"தனம்... மீசையில இன்னா இருக்குது?"

"மொத கல்யாணத்துக்கும் இப்படித்தான் மழிச்சிகினு வந்து உக்காந்த. அந்த போட்டோவப் பாத்து இன்னும் சிரிக்கிறாங்க. இந்த ஒரு போட்டோவாவது எனக்கு உருப்படியா வேணும்யா. மீசை வந்தா கூப்புடு, வரேன்."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

மீசை என்ன பல்பா, சுவிட்சைப் போட்டதும் வர? ஆனால் நான் யார்? கூத்துப் பெட்டியைத் திறந்தேன். மையைக் குழைத்தேன். புடவையில் மயில் கழுத்தை வளைக்கிற அதே கை... பக்கத்துக்கு ஓர் இழுப்பு. அப்படி ஒரு மீசை எனக்குச் சொந்தமாகக்கூட முளைத்ததில்லை!

தனம் எட்டிப் பார்த்தாள். "பரவால்ல, மாப்பிள்ள மாதிரிதான் கீற." நான் டிசைன் போட்ட புடவையில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஹோமச் சூட்டை யார் நினைத்துப் பார்த்தது? வேர்த்துக் கொட்டியது. இடது மீசை தாடையை நோக்கிக் கிளம்பியது. போட்டோகிராபர் கேமராவைத் தூக்குகிறார். முன்வரிசையில் என் மைத்துனன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறான். தனம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். போச்சு, எழுந்து போகப் போகிறாள் என்று நினைத்தேன்...

முந்தானையை இழுத்தாள். என் தாடையைப் பிடித்தாள். அழுந்தத் துடைத்தாள் — புத்தம்புதுப் பட்டில்!

"எடு தம்பி," என்றாள் போட்டோகிராபரிடம். "இந்த ஆளு மூஞ்சி இதான்."

போட்டோ வந்துவிட்டது. நான் மீசையில்லாமல் முழிக்கிறேன். அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். முந்தானையில் என் மயில், அதன்மேல் என் கூத்து மை. இதோ, உங்களுக்குக் கட்டுரையும் ஆயிற்று. மூன்று தொழிலும் ஒரே முந்தானையில்! இதைவிட என்ன பேலன்ஸ் வேண்டும்? பெருமையாகத் தனத்திடம் சொன்னேன்.

"பேலன்ஸ் அப்பால இருக்கட்டும். கறைய நீயே தோய்ச்சிக் குடு."

மூன்று நாளாகத் தோய்க்கிறேன். பட்டிலிருந்து கூத்து மை போக வழி தெரிந்த வாசகர்கள்... உடனே எழுதவும்!