அரக்குப் பட்டு

கோயமுத்தூரில், பீளமேட்டில் இறங்க வரும் விமானம் எங்கள் தோட்டத்துக்கு மேலேதான் தாழ்ந்து போகும். அதைப் பார்த்துப் பார்த்தே எனக்குப் பைலட் கிறுக்குப் பிடித்தது. தொண்ணூறுகளின் நடுவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். பயிற்சியில் சேர மருத்துவச் சான்று வேண்டும், அதற்குப் பெங்களூர் போகவேண்டும் என்றார்கள். எதற்கும் கண்ணை இங்கேயே ஒருமுறை காட்டிவிடலாம் என்று ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டாக்டரிடம் என்னைக் கூட்டிப்போனவர் அம்மாவின் தம்பி, என் மாமா.

அவருக்கும் அம்மாவுக்கும் நான்கு வருடமாகச் சரியில்லை. என் அக்கா பெரியவளான சீருக்குத் தாய்மாமன்தான் புடவை எடுக்கவேண்டும். அம்மா அரக்குச் சிவப்பில் பட்டு கேட்டாள். மாமா தனியாகக் கடைக்குப் போய் அடர்பச்சையில் எடுத்து வந்துவிட்டார். அத்தைக்குப் பச்சை பிடிக்கும். பெண்டாட்டி பேச்சைக் கேட்டுவிட்டான் என்று அம்மா முடிவுகட்டினாள். மாமாவோ, கேட்ட அரக்கைத்தானே எடுத்தேன் என்று சபை நடுவே சாதித்தார். பச்சையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படிப் பேசினால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? எங்கள் பக்கம் கோபம் முற்றினால் கத்தமாட்டார்கள், மரியாதை கூடிவிடும். அன்றிலிருந்து சொந்தத் தம்பிக்கு 'வாங்க, உக்காருங்க'தான்.

டாக்டர் ஒரு புத்தகத்தைத் திறந்தார். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள். அவற்றுக்குள் இருக்கும் எண்ணைச் சொல்லவேண்டும். முதல் பக்கத்தில் பன்னிரண்டு தெரிந்தது. அடுத்ததில் ஒன்றுமில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. பின்னால் நின்ற மாமாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க டாக்டர், அதுல நம்பரே இல்லீங்களே. இல்லாததைப் பையன் எப்படிங்க படிப்பான்?"

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பக்கங்களை அவருக்கும் காட்டினார். மாமாவும் பன்னிரண்டோடு நின்றுவிட்டார். எனக்கு அவர் என்ன முறை என்று கேட்டு, தாய்மாமன் என்றதும் டாக்டர் சிரித்தேவிட்டார். எங்கள் இருவருக்கும் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாதாம், அது தாய்வழியாக வருவதாம். பெங்களூர் போனாலும் இந்தக் கண்ணுக்குச் சான்று கிடைக்காது, இதற்கு மருந்தும் கிடையாது என்று பொறுமையாகச் சொன்னார்.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து மாமாவின் சட்டை நனைய அழுதேன். பாதி வழியில் அவர் வண்டியை ஓரம்கட்டினார்.

"அப்ப அந்தப் பட்டு பச்சைதானா கண்ணு?"

எனக்கு எப்படித் தெரியும்? நானும் அதை அரக்கு என்றுதான் நினைத்திருந்தேன். அம்மாவுக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் நான்தான் சொன்னேன். இனிமேல் பைலட் ஆகமுடியாது என்றதும் அம்மா என் தலையைத் தடவினாள். மாமாவுக்கும் அதே கண்தான் என்றதும் அவள் கை நின்றது. உள்ளே போய்ப் பீரோவைத் திறந்து அந்தப் பட்டை எடுத்து வந்து எங்கள் முன் விரித்தாள். என்ன கலர் என்று கேட்டாள்.

"அரக்கு" என்றோம் இருவரும்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"நாலு வருசமா உன்னைய நோகடிச்சுப்போட்டேனேடா சாமி. போய்க் கையக் கழுவு, சோறு போடறேன்."

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டே கை கழுவப் போனார். அம்மா எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். விமானம் போன வருத்தத்தோடுதான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆனாலும் அன்றைக்கு மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.