கிணறு சிவந்ததை மன்னிக்காத எஸ்தர் மேடம்

செவ்வாப்பேட்டை ரயில் நிலையத்தில் வண்டிக்காக நின்றிருந்தபோது எஸ்தர் மேடத்தின் தம்பி அழைத்தார். “சார், அக்கா பூட்டாங்க. டீ குடிச்சிகினு இருந்தாங்க, அப்பிடியே சாஞ்சிட்டாங்க.” வண்டி வந்தது, போனது. நான் ஏறவில்லை. முதலில் எனக்கு வந்தது அழுகை அல்ல. இதைக் கேட்டு இன்று ஒருவர் நிம்மதியாகச் சாப்பிடுவாரே என்ற ஆத்திரம்.

பொன்னேரிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் மேடம் புவியியல் நடத்தினார், நான் வேதியியல். இளவயதில் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில் அட்டைக்கடியைப் பொருட்படுத்தாமல் குழி வெட்டி மண்ணை ஆராய்ந்தவர். அப்போது அவரோடு சேர்ந்து ஆராய்ந்தவர்தான் நான் சொல்லும் அந்த ஒருவர். அவர் பெயருக்கு இந்தக் கட்டுரையில் இடம் கிடையாது.

மேடத்தின் வகுப்பைக் கேட்க நானும் சில நாள் பின்வரிசையில் உட்கார்ந்ததுண்டு. “சூடும் மழையும் சேர்ந்தா பாறையே மக்கிப்போகும். சருகுல எறங்கற தண்ணி லேசாப் புளிச்சு, மத்த சத்தையெல்லாம் கரைச்சு அடிச்சிக்கினு போயிடும். இரும்பும் அலுமினியமும்தான் பிடிவாதமா நிக்கும். அந்த இரும்புதான் மண்ணோட செவப்பு” என்பார். பிறகு குரலைத் தாழ்த்துவார். “ஆனா மண்ணு தண்ணியில ஊறி, மூச்சு முட்டிச்சின்னா இரும்பும் கரைஞ்சு கெளம்பிடும். காத்து கெடைக்கற எடத்துல போய்ப் படியும். அது விட்டுட்டுப் போன எடம் வெளுத்துக் கெடக்கும்.”

எங்கள் கல்லூரியில் துப்புரவு வேலை பார்த்த செல்விக்கு ஆரம்பாக்கத்தை ஒட்டிய கிராமம். அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு கம்பித் தொழிற்சாலை. துருப்பிடித்த இரும்பை அமிலத்தில் கழுவுவார்கள். ஒருநாள் செல்வி வந்து நின்றார். “மேடம், கெணத்துத் தண்ணி செவந்து பூடுச்சி. துணி தோச்சா காவி ஏறுது, வாயில வெக்க முடியல. கம்பெனில கேட்டா, மண்ணு அப்பிடிம்மான்றாங்க.”

அப்படி எழுதிக் கொடுத்தவர் தொழிற்சாலை அமர்த்திய ஆலோசகர், அதாவது அந்த ஒருவர். இந்த வட்டாரத்தின் இரும்பு மிகுந்த செம்புரை மண் பெருமழை பெய்த பழங்காலத்தில் உருவானது என்று எழுதியிருந்தார். அது உண்மை. அதிலிருந்து இரும்பு தானாகவே கிணற்றில் இறங்குகிறது என்றும் எழுதியிருந்தார். அது பொய். ஆதாரமாக மழைக்காட்டுக் குழிகளின் படங்களை இணைத்திருந்தார். ஒரு படத்தில் அளவுகோல் பிடித்த ஒரு கை தெரிந்தது. “இது என் கை” என்றார் மேடம். குரல் உயரவில்லை. எனக்குத்தான் பயமாக இருந்தது.

மேடம் கொடுத்த புகாரின் பேரில் அதிகாரிகள் பார்வையிட வந்த அன்று, தொழிற்சாலைச் சுவருக்கும் கிணற்றுக்கும் நடுவே கிராமத்தார் உதவியோடு மேடம் குழி வெட்டிவைத்திருந்தார். எல்லார் முன்னாலும், அதிகாரிகளோடு வந்திருந்த அந்த ஆலோசகரைப் பார்த்து, “எறங்குங்க” என்றார். அவர் இறங்கினார். “கெணத்துக்கு இரும்பு இந்த மண்ணுலேர்ந்துதான் போச்சுன்னா, எங்கயாவது வெளுத்திருக்கணுமே. காட்டுங்க.”

அவர் தேடினார். வெளுத்த இடமே இல்லை. தொழிற்சாலைப் பக்கம் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் சேறு அப்பியிருந்தது. கிணற்றை நோக்கிப் போகப் போக மெலிந்தது. குழியில் ஊறிய நீரை நான் சோதித்தேன், அமிலம். அதிகாரி குனிந்து, “இன்னா சார், இதுவும் பழங்காலமா?” என்றார். ஊரே சிரித்தது. மேலே ஏற அவர் கையை நீட்டினார். யாரும் பிடிக்கவில்லை. நானும்தான். அதற்காக இன்றுவரை வருந்தவில்லை.

தொழிற்சாலை அமிலக் கழிவை வெளியேற்றிய வாய்க்கால் அடைக்கப்பட்டது. ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. ஆனால் அவருக்கு வேறு தொழிற்சாலைகள் வேலை கொடுத்துக்கொண்டுதான் இருந்தன. மேடம் விடவில்லை. கும்மிடிப்பூண்டியில் அவர் பேச வந்த ஒவ்வொரு கூட்டத்திலும் முன்வரிசையில் போய் உட்காருவார். ஒரு வார்த்தை பேசமாட்டார், பார்ப்பார். அவ்வளவுதான். அந்த மனிதர் பேச்சைப் பாதியில் முடித்துக்கொண்டு இறங்கிவிடுவார். கடைசியில் இந்தப் பக்கம் வருவதையே நிறுத்திக்கொண்டார்.

“போதும் மேடம், விட்டுடுங்களேன்” என்று ஒருமுறை சொன்னேன்.

“கெணறு தெளியட்டும் சார், விட்டுடறேன்” என்றார்.

கிணறு இன்னும் தெளியவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் பாதிரியார் ஜெபம் முடித்ததும் ஒவ்வொருவராகக் குனிந்து பிடி மண் எடுத்தோம். கூட்டத்தின் பின்னாலிருந்து அந்த ஒருவரும் வந்தார், வெள்ளைச் சட்டையில். மண்ணை அள்ளினார். நான் வாய் திறக்குமுன் செல்வி குறுக்கே போய் நின்றார்.

“சார், அத்த கீழ போடுங்க. உங்க கை மண்ணு அவங்க மேல விழக் கூடாது.”

அவர் பாதிரியாரைப் பார்த்தார். பாதிரியார் கண்களை மூடிக்கொண்டார். விரல்களை விரித்து மண்ணை உதிர்த்துவிட்டு, அவர் வாசலைப் பார்த்து நடந்தார். அவர் வெளியே போகும்வரை காத்திருந்துதான் குழியை மூடினோம்.

அமைதியாக உறங்குங்கள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. கோபத்தோடே போய் வாருங்கள், மேடம்.