பலகை பிடிக்கும் வேலை

லண்டன் வால்தம்ஸ்டோவில் ரயில் பாலத்துக்கு அடியில் இருக்கிறது யாழ்ப்பாணத்து ரவியின் பட்டறை. பாரம் இழுக்கும் டிராக்டர் பந்தயத்துக்காக, பழைய லாரி எஞ்சினில், காற்றை இழுத்து அழுத்தி ஊட்டும் காயலான் கடை டர்போவைப் பூட்டியிருக்கிறார். இன்றுதான் முதல் ஓட்டம். சென்னையிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த என் கையில் தடித்த பலகை ஒன்றைத் திணிக்கிறார்.

"டீசலை மூடியும் நிக்காட்டி, காத்து இழுக்கிற வாயை இதால அமத்துங்கோ அண்ணை. கையை வைச்சிடாதேங்கோ, இழுத்துப்போடும். சும்மா ஒரு காவலுக்குத்தான். தேவைப்படாது."

எஞ்சின் உறுமுகிறது. ரவி டீசலை மூடுகிறார். வேகம் குறையவில்லை, ஏறுகிறது. டர்போவில் கசியும் ஆயிலையே குடித்து ஓடுகிறது.

"அமத்துங்கோ!"

பலகையை அந்த வாயில் அறைந்து அழுத்துகிறேன். எஞ்சின் விக்கி அடங்குகிறது.

"நல்லா இழுக்கும், என்ன?" ரவி சிரிக்கிறார்.

பலகையைத் திருப்பிப் பார்க்கிறேன். டர்போ வாயின் வட்டத் தடம் புதிதாகப் பதிந்திருக்கிறது. அதைச் சுற்றிலும், கறுத்துப்போன பழைய வட்டங்கள்.