ஏழு கை வேண்டிய நாடு

மலேசியாவில் சுங்கை சிப்புட்டைத் தாண்டி, மூடிப்போன ரப்பர் தோட்டத்தில் ஏழு வீடுகள் தங்களைத் தனிநாடாக அறிவித்திருக்கின்றன. முன்பு காலையில் ஆள் கணக்கெடுத்த பெரட்டுக் களம்தான் நாடாளுமன்றம். வீட்டுக்கு ஓர் அமைச்சர், வீட்டுக்கு ஒரு கை. ஏழும் உயர்ந்தால்தான் முடிவு செல்லும்.

நிலத்தை வாங்கிய கம்பெனிக்கு, 'வெளியேற மாட்டோம்' என்ற கடிதம் இன்று போயாக வேண்டும். ஆறு கைகள்தான் உயர்ந்திருக்கின்றன. செய்தி எடுக்க வந்த நான், திரும்பிப் போக வேண்டிய ஈப்போ பஸ்ஸை நினைத்துக் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறேன்.

"வெளியுறவு அமைச்சர் எங்கே?" என்கிறேன்.

"வெளிநாட்டுலயே தங்கிட்டாரு லா," என்கிறார் பிரதமர் லெட்சுமி அக்கா. "கம்பெனி குடுத்த ஃபிளாட் சாவிய வாங்கிட்டாரு."

"ஆறு கை போதும்னு சட்டத்த மாத்து அக்கா," என்கிறார் தண்ணீர் அமைச்சர்.

"அதுக்கும் ஏழு கை வேணும் லா!"

"நான் தூக்கவா அக்கா?" என்று அவசரமாகக் கேட்கிறேன்.

"ஒங்களுக்கு இங்க வீடு இருக்கா தம்பி?"

கடைசி வீட்டுக் கதவு திறக்கிறது. வெளியுறவு அமைச்சரின் மனைவி ஈரக் கையைக் கைலியில் துடைத்தபடி களத்துக்கு வருகிறார்.

"சாவிய வாங்குனது அவரு. நான் இங்கதான் இருக்கேன்," என்று கையை உயர்த்துகிறார்.

சாலையில் ஈப்போ பஸ் ஹாரன் அடித்தபடி போகிறது. நான் ஏழு கைகளையும் இரண்டாம் முறை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.