லீவு கொடுக்க ஓர் ஆள்

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் இல்லை. கவனித்தீர்களா? அப்பா இறந்துவிட்டார்.

மாரடைப்பு. காலையில் விவேக் நகர் வீட்டில், "காபில சர்க்கரை போட்டியா இல்லையா?" என்று என்னிடம் சண்டை போட்ட மனிதர், சாயங்காலம் ஹாலில் ஃப்ரீசர் பெட்டிக்குள் படுத்திருந்தார்.

அண்ணன் வாசலில் நின்று தன் மேனேஜருக்கு போன் செய்தான். "ஒரு வாரம் லீவு குடுத்துட்டாரு. லேப்டாப்பைத் தொட்டா கொன்னுடுவேங்கறாரு" என்றான். சொல்லும்போதே அழுதுவிட்டான்.

என் கையும் தானாக போனை எடுத்தது. 'அப்பா இறந்துவிட்டார். லீவு வேண்டும்' என்று டைப்பும் செய்துவிட்டேன். அனுப்ப வேண்டுமே... யாருக்கு?

உங்களுக்கு நினைவிருக்கும். மேனேஜர் வேலையை உதறிவிட்டு, தனியாக கான்ட்ராக்ட் எடுக்கப் போகிறேன் என்று இதே பக்கத்தில்தான் குதித்தேன். 'இனி லீவு கேட்க எனக்கு மேலே ஆளே கிடையாது!' — ஆச்சரியக்குறி வேறு. அதைப் படித்த அப்பா, "அப்ப நீ வரலைன்னா எவன் போன் பண்ணித் திட்டுவான்?" என்று கேலி செய்தார். இருவரும் சிரித்தோம்.

கிளையன்டுக்குச் செய்தி அனுப்பினேன். பதில் மரியாதையாகத்தான் வந்தது. 'வெரி சாரி. டேக் கேர்.' அடுத்த வரி: 'வியாழக்கிழமை டெமோ ஓகேதானே?' அவர்மேல் கோபமில்லை. என் அப்பாவை அவருக்குத் தெரியுமா, என்னையே தெரியுமா?

அடக்கம் முடிந்த மறுநாள் டைனிங் டேபிளில் வேலைக்கு உட்கார்ந்தேன். அப்பா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி, பக்கத்தில் லேப்டாப் சார்ஜர். உள்ளே அம்மா ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வரவே இல்லை.

அப்போதுதான் ஜான்சி வந்தாள். பழைய ஆபீசில் என் டீமில் இருந்தவள். நீலசந்திராவிலிருந்து ஸ்கூட்டரில், டிபன் கேரியரோடு.

"என்னக்கா இது? நேத்துதானே அடக்கம் பண்ணிட்டு வந்தீங்க!"

"யாருகிட்ட லீவு கேக்கறது ஜான்சி?"

"எனக்கு ஃபீவர்னா லாகின் பண்ணவே விடமாட்டீங்கல்ல? இப்ப நீங்க என்கிட்ட கேளுங்க."

"விளையாடாதே."

"கேளுங்கக்கா."

கேட்டேன். "அப்பா செத்துட்டாரு ஜான்சி. எனக்கு லீவு வேணும்..." முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. அதுவரை எங்கே இருந்ததோ, அத்தனை அழுகையும் வந்தது.

"அப்ரூவ்ட்" என்றாள் ஜான்சி. அவளும் அழுதுகொண்டிருந்தாள். லேப்டாப்பை மூடி, அதன் மேலேயே டிபன் கேரியரை வைத்தாள்.

யாரையும் கேட்காமல் வேலை செய்யப் பழகிவிட்டேன். யாரையும் கேட்காமல் அழத்தான் இன்னும் வரவில்லை.

வியாழக்கிழமை டெமோ நடக்கவில்லை. இந்தப் பத்தியும் வரவில்லை.

லீவில் இருந்தேன்.