அப்பா ஊதாத விசில்

எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து யூனிபோம் போட்டு வேலைக்குப் போன முதல் ஆள் என் அப்பாதான். ரயில்வே பாதுகாப்பு உத்தியோகத்தர் என்று பள்ளிக்கூடத்தில் நான் முழுசாகச் சொல்லுவேன். லயத்து வரிசைவீட்டுச் சனங்களுக்கு அவர் வெறும் ரயில் பொலிஸ். டிக்கெட் இல்லாதவர்களையும் தண்டவாளத்தில் நடப்பவர்களையும் பிடிப்பது அவர் வேலை. இரண்டாவதில்தான் சிக்கல். எங்கள் தோட்டமே தண்டவாளத்தில்தான் நடந்தது. ஹட்டனிலிருந்து ரோட்டால் வந்தால் ஊரைச் சுற்ற வேண்டும்; ரயில் லைனால் வந்தால் சிங்கமலைச் சுரங்கம் தாண்டியதும் வீடு.

"லைன்ல நடந்தா பொண்டாட்டி புள்ளன்னு பாக்க மாட்டேன், கோட்டுல வழக்குத்தான்" என்று அப்பா சொல்லி வைத்திருந்தார். அதை முழுதாக நம்பிய ஒரே ஆள் நான்தான்.

ஒரு மழை நாளில் பள்ளிக்கூடம் விட்டு அம்மாவோடும் பக்கத்து வீட்டுச் சித்தியோடும் ஹட்டனில் நின்றேன். பஸ் வரவே இல்லை. அம்மா லைனில் இறங்கிவிட்டார். அப்பா பிடித்துவிடுவார் என்று நான் அழுதேன்.

"உங்கப்பாவுக்கு இன்னைக்கு நானுஓயாப் பக்கம் டியூட்டி. வாய மூடிக்கிட்டு நட."

சுரங்கத்துக்குள் சித்தியின் போன் வெளிச்சம் மட்டும்தான். மேலேயிருந்து தண்ணீர் சொட்டியது. எனக்கு ரயில் பயமே இல்லை. அம்மாவைக் கோட்டுக் கூண்டில் ஏற்றினால் இரவு எனக்கு யார் சோறு போடுவார்கள் என்பதுதான் என் கவலை.

வெளியே வந்தால், எதிரே அப்பா நிற்கிறார்.

யூனிபோமைக் கண்டால் சுரங்கத்துக்குள் ஓடி ஒளிவது எங்கள் பக்கத்துப் பழக்கம். இரண்டு பக்கமும் செங்குத்தான மண்மேடு, வேறு போக்கிடம் இல்லை. "உள்ளுக்கு ஓடுங்க" என்று சித்தி என் கையை இழுத்தார். அப்பாவின் கை நெஞ்சில் தொங்கிய விசிலுக்குப் போனது. வாய்வரை போகவில்லை. தொப்பியைக் கழற்றினார். ஒன்றுக்குப் போகிறவர் மாதிரி மண்மேட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அம்மா எங்களை இழுத்துக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் விறுவிறுவென்று நடந்தார். தோட்டத்துப் பாதையில் ஏறியபோது பின்னால் சுரங்கத்திலிருந்து ரயில் வந்தது. அம்மா பிடித்திருந்த என் கை வலித்தது.

சாயங்காலத்துக்குள் சித்தி லயம் முழுக்கச் சொல்லிவிட்டார். "ரயில் பொலிஸுக்குப் பொண்டாட்டின்னா பயம்" என்று ஒரே சிரிப்பு. எனக்கு மானம் போய்விட்டது. ஏன் ஊதவில்லை என்று அப்பாவிடமே கேட்டேன்.

"விசில் பழுதாயிருச்சும்மா" என்றார்.

அவர் பீலித் தண்ணீரில் குளிக்கப் போனதும் ஆணியில் தொங்கிய விசிலை எடுத்து ஊதிப் பார்த்தேன். கணீரென்று கேட்டது. சோப்பு நுரை வழிய அப்பா ஓடி வந்தார்.

"யாரு ஓடுனா? எந்தப் பக்கம் ஓடுனா?"

யாரும் ஓடவில்லை என்றேன். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நுரையைக் கழுவவும் போகவில்லை. குளிருகிறது என்று நினைத்துத் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

போன வருடம் அப்பா ஓய்வு பெற்றார். பிரியாவிடைத் தேநீரின்போது அவரோடு வேலைக்குச் சேர்ந்த ஒருவர் அம்மாவிடம் சிங்களத்தில் தாழ்ந்த குரலில் சொன்னார்: வேலைக்கு வந்த புதிதில் அதே சுரங்க வாசலில் ஒரு பெண்ணைப் பார்த்து அப்பா விசில் ஊதியிருக்கிறார். அவள் உள்ளே ஓடியிருக்கிறாள். ரயில் வரும் நேரம். அதற்குப் பிறகு வேலைக்காலம் முழுக்க அந்த விசில் அவர் நெஞ்சில் சும்மா தொங்கியது.

விசிலை ஊதிப் பார்த்த அன்றைக்கு நான் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்றுதான்: விசில் பழுதில்லை, அப்பா பொய் சொல்கிறார். மறுநாள் டீச்சர் அப்பா என்ன வேலை என்று கேட்டார். ரயிலில் ஏதோ வேலை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.